இடது ஓரக் கிழிசல்

அப்பா இறந்த பிறகு மூன்று வருடங்கள் மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்த அவருடைய நூறு சிசி பைக்கைச் சென்ற வருடம் வெளியே தள்ளிவந்தேன். விற்கலாம் என்றார்கள் உறவினர்கள். நான் ஓட்டப்போகிறேன் என்றேன். மெக்கானிக் பேட்டரியை மாற்றினார், பெட்ரோல் டேங்கைக் கழுவினார், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார். நாலைந்து உதையில் வண்டி கிளம்பிவிட்டது. “எஞ்சினுக்கு ஒண்ணுமில்லம்மா. சீட்டத்தான் பாக்கணும்” என்றார்.

அந்த சீட் கிழிந்த கதை எனக்குப் பள்ளி நாட்களிலிருந்தே தெரியும். முந்தின நாள் இரவு மழை பெய்திருந்தால், மேலே எவ்வளவு துடைத்தாலும் கிழிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் ஸ்பாஞ்சில் தேங்கியே இருக்கும். உட்கார்ந்ததும் அது மேலே ஏறும். பள்ளி வாசலில் இறங்கும்போது பாவாடையின் பின்பக்கம் வட்டமாக நனைந்திருக்கும். பதிமூன்று வயதுப் பெண்ணுக்குப் பாவாடையின் பின்னால் ஈரம் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகப் பையை முதுகிலிருந்து இடுப்புக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, சுவரோரமாக வகுப்புக்கு நடந்திருக்கிறேன்.

அப்பா சரிசெய்யாமல் இல்லை. முதலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினார். அது வெயிலில் இளகிச் சேலையில் ஒட்டியது. பிறகு சைக்கிள் டியூபை வெட்டி, பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டு போட்டார். கடைசியில் எலாஸ்டிக் வைத்த ரெடிமேட் உறை ஒன்றை வாங்கி மாட்டினார். கிழிசல் மறைந்தது, ஈரம் போகவில்லை.

புதுக்கோட்டையில் சீட் கவர் தைக்கும் கடை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கடைக்காரர் உறையை உருவினார், டியூப் ஒட்டைப் பிய்த்தார், டேப்பைச் சுரண்டினார். அடியில் இருந்த பழைய ரெக்சினைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “பின்னாடி ஒரு பக்கமாவே உக்காந்துருக்காங்க. ரொம்ப வருஷம், ஒரே ஆளு” என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பின்பாதியின் இடது ஓரத்தைக் காட்டினார். தையல் நெடுக ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து, ரெக்சின் உதடுபோல் விரிந்திருந்தது. உள்ளே ஸ்பாஞ்ச் பழுப்பேறி, நசுங்கி, தட்டு வரை அமுங்கியிருந்தது. வலது ஓரம் மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருந்தது. “ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தா நடுவுல தேயும். ஒரு பக்கமா உக்காந்தா மொத்த வெயிட்டும் இந்த ஓரத் தையல்லதான். ஏற எறங்க, ஏற எறங்க, இங்கதான் இழுக்கும்.”

அந்த ஒரே ஆள் என் அம்மா.

சாலையில் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான் அது. ஆண் ஓட்ட, பெண் இரண்டு கால்களையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்து போவது. அதற்கு ஒரு வரலாறு இருக்கும் என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை.

பின்னால் உட்காருபவரைச் செய்திகளில் ‘பில்லியன் ரைடர்’ என்று சொல்கிறார்கள் அல்லவா, அந்தப் ‘பில்லியன்’ என்ற சொல் மோட்டார் சைக்கிளைவிட நானூறு ஆண்டுகள் மூத்தது. தோல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து கேலிக் மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. குதிரையில் ஆணின் சேணத்துக்குப் பின்னால் பெண்ணுக்காகக் கட்டப்பட்ட சிறு மெத்தைக்குத்தான் அந்தப் பெயர். வண்டி மாறியது, சாலை மாறியது, மெத்தையின் பெயரும் இடமும் அப்படியே வந்து சேர்ந்துவிட்டன.

ஐரோப்பாவின் மேட்டுக்குடிப் பெண்கள் தனியாகக் குதிரை ஏறியபோதும் ஒரு பக்கமாகவே உட்கார வைக்கப்பட்டார்கள். கால் விரித்து உட்காருவது பெண்ணுக்கு அழகல்ல என்பதே காரணம். குதிரையின் இடப்பக்கம் இரண்டு கால்களையும் போட்டுக்கொண்டு ஓட்டுவது எளிதல்ல. 1830களில் சேணத்தில் கூடுதலாக ஒரு கொம்பைப் பொருத்தி, தொடையை அதில் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்ள வழி செய்த பிறகுதான் அவர்களால் பயமின்றிப் பாய்ச்சலில் போக முடிந்தது. உட்காரும் விதத்தை மாற்றுவதைவிடச் சேணத்தை மாற்றுவது அந்தச் சமூகத்துக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊரிலும் இதைப் பார்க்கப்போகிறோம்.

மோட்டார் சைக்கிள் வந்தபோது அதன் இருக்கை சைக்கிள் இருக்கையின் அண்ணன்போலத்தான் இருந்தது. தோல் போர்த்திய ஒற்றைச் சேணம், அடியில் சுருள்வில். இன்னொருவர் வர வேண்டுமென்றால் பின்னால் சாமான் வைக்கும் கேரியர்மேல் ஒரு திண்டைப் பொருத்திக்கொள்வார்கள். ஆக, பின்னால் போகிறவர் சாமானின் இடத்தில் உட்கார்ந்தார். 1929-இல் பிரிட்டனின் டன்லப் நிறுவனத்தில் ரப்பர் பாலை நுரைக்கவைத்து மெத்தை ஸ்பாஞ்ச் செய்யக் கண்டுபிடித்தார்கள். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் பைக்குகளில் இருவருக்கும் சேர்த்து ஒரே நீள இருக்கை பரவலானது. மேலே போர்த்த, தோலைவிட மலிவான துணித்தோல் இருந்தது. நாம் இன்று பொதுப்பெயராகச் சொல்லும் ‘ரெக்சின்’ இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே ஒரு நிறுவனம் செய்த துணித்தோலின் வணிகப் பெயர்தான்.

அந்த ஒற்றைச் சேணக் காலத்திலேயே பெண்கள் முன்னால் உட்காரவில்லையா? உட்கார்ந்தார்கள். 1916-இல் அகஸ்டா, அடலின் வான் புரென் என்ற சகோதரிகள் ஆளுக்கொரு இந்தியன் மோட்டார் சைக்கிளில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி அமெரிக்காவைக் குறுக்கே கடந்து கலிபோர்னியா சென்றார்கள். போர் வந்தால் ராணுவத்தில் செய்தி கொண்டுசெல்லும் வேலையைப் பெண்களும் செய்ய முடியும் என்று காட்டுவதற்காகப் போன பயணம். வழியில் ஆண் உடை அணிந்த குற்றத்துக்காகக் காவலர்கள் அவர்களைப் பிடித்துவைத்தார்கள். ராணுவம் அவர்களை எடுத்துக்கொள்ளவும் இல்லை. 1934 டிசம்பரில் தெரேசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரான் என்ற இரு தோழிகள் ஒரு பாந்தர் மோட்டார் சைக்கிளில் லண்டனிலிருந்து சகாராவைக் கடந்து கேப் டவுன்வரை போனார்கள். இவர்கள் யாரும் விதிவிலக்கான உடல் படைத்தவர்கள் அல்ல. கால் போட்டு உட்கார ஏற்ற உடையும், முன் இருக்கையும் இருந்தன, அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருவோம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரிலிருந்து புல்லட்கள் வந்தன. 1960களில் இத்தாலிய வெஸ்பா ஸ்கூட்டர் பஜாஜ் மூலம் இந்தியத் தெருக்களுக்கு வந்தது. வெஸ்பாவை 1946-இல் வடிவமைத்த கொராதினோ டஸ்கானியோ விமானப் பொறியாளர். எஞ்சினை மூடி, நடுவில் தாண்டி ஏற வேண்டிய கம்பி இல்லாமல், பாவாடை அணிந்தவரும் ஏறி ஓட்டும்படி செய்தார். அப்படிப்பட்ட வண்டி இங்கே வந்ததும் குடும்ப வண்டியானது. அப்பா ஓட்டினார், முன்னால் பிள்ளை நின்றது, பின்னால் அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்தார். பெண் ஓட்டுவதற்கு வசதியான வடிவம் இருந்தும் பெண் பின்னால்தான் போனார். 1980-இல் ஓசூரிலிருந்து இருவர் உட்காரும் டிவிஎஸ் 50 மொபெட் வந்தது. கடைத்தெருவுக்கும் வயலுக்கும் போக எளிய குடும்பங்களுக்கும் ஒரு வண்டி கிடைத்தது. அதிலும் பின்பாதிதான் மனைவிக்கு.

சட்டமும் இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது. 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவரை மட்டும், உறுதியாகப் பொருத்திய இருக்கையில் ஏற்றிச்செல்லலாம் என்கிறது. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி இன்னும் சுவாரஸ்யமானது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால்வைக்கும் கம்பியும் வேண்டும், அவருடைய உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்கிறது அது. பெண் என்றோ சேலை என்றோ அந்த விதி சொல்வதில்லை. ஆனால் அந்த மறைப்பை மெக்கானிக் கடைகளில் ‘சாரி கார்டு’ என்றுதான் சொல்கிறோம். எத்தனை முந்தானைகள் சக்கரத்தில் சுற்றிய பிறகு அந்த வரி எழுதப்பட்டிருக்கும்! அது உயிர் காத்த வரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கேயும் சேணத்தில் கொம்பு வைத்த கதைதான். பெண் எப்படி உட்கார வேண்டும் என்ற வழக்கம் அப்படியே இருக்க, சக்கரத்துக்கு வேலி போட்டோம்.

இப்போது அம்மா.

1992-இல் அம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுத்தருவதை இயக்கத்தின் பகுதியாக்கினார். இரவு வகுப்புக்குப் போய்வர இன்னொருவரின் துணைக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதே எண்ணம். அம்மா மாலையில் வாடகை சைக்கிள் எடுத்து, கண்மாய்க் கரையில் விழுந்து எழுந்து பழகினார். பாடம் சொல்லித்தரும் தொண்டராகப் பக்கத்து ஊருக்குத் தனியாகப் போய்வந்தார். அந்த வருட மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலமாக வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாவும் இருந்தார்.

அந்த இயக்கத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியதில் ஒரு செய்தி என்னை எப்போதும் நிறுத்திவிடும். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது இந்தப் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், சிலர் அதைத்தான் விரும்பவும் செய்தார்கள். இருக்கையிலிருந்து ஹேண்டில்பார் வரை போகும் நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால்! ஆணுக்கென்று செய்த வண்டியில் தங்களுக்கு வேண்டிய இருக்கையை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அம்மா வாங்கியதும் அப்படி ஒரு பழைய ஆண்கள் சைக்கிள்தான்.

1994-இல் அம்மாவுக்குத் திருமணம். சைக்கிளும் கூட வந்தது. 1999-இல் அப்பா பைக் வாங்கினார். மாடிப்படிக்குக் கீழே ஒரு வண்டிக்குத்தான் இடம். சைக்கிள் பழைய இரும்புக்குப் போனது.

யாரும் அம்மாவைத் தடுக்கவில்லை. அப்பா நல்லவர், அதட்டிப் பேசாதவர். “நீ எதுக்கு வெயில்ல மிதிக்கிற, நான் கொண்டுபோய் விடுறேனே” என்றார். அன்பாகத்தான் சொன்னார். சந்தைக்கு, ரேஷன் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பாட்டி வீட்டுக்கு என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோய் விட்டார். அவருக்கு நேரம் இருந்தபோது. நேரமில்லாதபோது அம்மா காத்திருந்தார். ஊர்வலத்தில் சைக்கிள் ஓட்டிவந்த பெண் இருபது வருடங்களுக்கு மேல் இடது ஓரத்தில் உட்கார்ந்து வந்த கதை இவ்வளவுதான். தடை போட்டிருந்தால் அம்மா சண்டையிட்டிருக்கக்கூடும். “கொண்டுபோய் விடுறேன்” என்பதோடு எப்படிச் சண்டையிடுவது?

2006-இல் ஒரு வேகத்தடையில் அம்மா கீழே விழுந்தார். வண்டி வேகமாகக்கூடப் போகவில்லை. சட்டம் சொன்ன கைப்பிடி இருந்தது, பிடிக்கக் கைதான் இல்லை. ஒரு கையில் மடியில் இருந்த தம்பி, மறு கையில் காய்கறிப் பை. ஒரு பக்கமாக உட்காருபவரின் எடை முழுதும் ஓரத்தில் இருக்கும், கால்களால் வண்டியைக் கவ்விக்கொள்ள முடியாது. தூக்கிப் போட்டால் சறுக்க வேண்டியதுதான். தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவின் இடுப்பு இன்றும் மழைக்காலத்தில் வலிக்கும். ‘ஒழுங்கா உக்காரத் தெரியல’ என்றார் பார்க்க வந்த உறவினர் ஒருவர். ஒழுங்காக உட்கார்ந்ததால்தான் விழுந்தார் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

கடைக்கு வருவோம். சீட்டைக் கழற்றியதும் கடைக்காரர் அதைக் குப்புறப் போட்டு, தட்டின் விளிம்பில் இருந்த பின்களைத் திருப்புளியால் நெம்பி எடுத்தார். ரெக்சினை உரித்து உள்ளே கொடுத்தார். உள்ளே என்றால், ஒரு தடுப்புக்குப் பின்னால். அங்கே தையல் மெஷினில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். பெயர்ப்பலகையில் அண்ணன் பெயர், மெஷினில் அக்கா. பழைய உறையைத் தையல்வாரியாகப் பிரித்து, துண்டுகளைப் புது ரெக்சின்மேல் வைத்து, சாக்பீஸால் வரைந்து வெட்டுவது அவர் வேலை.

“துணி மாதிரி இல்லம்மா இது” என்றார் அக்கா. “துணியில தப்பா தச்சா பிரிச்சுட்டுத் திருப்பித் தைக்கலாம். ரெக்சின்ல ஊசி எறங்குன ஓட்ட எறங்குனதுதான். மூடாது. அந்த ஓட்டை வழியாத் தண்ணி எறங்கும்.” அதனால் ஒவ்வொரு வளைவையும் முதல் தடவையிலேயே சரியாகத் தைத்தாக வேண்டும். தடித்த ஊசி, நைலான் நூல். மெஷினின் பாதத்தில் ரெக்சின் ஒட்டிக்கொள்ளாமலிருக்கக் கொஞ்சம் பவுடர். பதினாறு வருடமாகத் தைக்கிறாராம். வலது கட்டைவிரல் ஓரம் காய்த்துப்போயிருந்தது. எத்தனை ஆயிரம் சீட் தைத்திருப்பார்! “வண்டி ஓட்டுவீங்களாக்கா?” என்றேன். “தைக்கிறதோட சரி” என்று சிரித்தார்.

இரு சக்கர வண்டிகளின் வரலாறு எஞ்சின்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை சிசி, எத்தனை கியர், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். இருக்கையிலிருந்து எழுதினால் அதில் என் அம்மா வருவார், இந்த அக்காவும் வருவார்.

அண்ணன் ஸ்பாஞ்சைப் பார்த்தார். முழுதும் மாற்ற வேண்டாம், இடது ஓரத்தில் அமுங்கிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் துண்டு ஒட்டினால் போதும் என்றார். பிறகு என் உயரத்தைக் கண்ணால் அளந்தார். நான் ஐந்தடி ஓர் அங்குலம். இத்தகைய பைக்குகளின் இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய எண்பது சென்டிமீட்டர் உயரம். உட்கார்ந்தால் எனக்குக் கால் நுனி மட்டும்தான் ஊன்றும். அதற்கும் வழி இருந்தது. முன்பகுதி ஸ்பாஞ்சில் உயரத்தை ஒரு அங்குலம் சீவுவார்கள். அதைவிட முக்கியம், டேங்கை ஒட்டிய முன்மூக்கின் இரு பக்கங்களையும் இளைக்க வேண்டும். இருக்கை அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் நீளம் வீணாகும். குறுக்கினால் கால் நேராக இறங்கித் தரையைத் தொடும். “நெறைய பொண்ணுங்க பைக் ஓட்ட முடியாதுன்னு நெனைக்கிறது இதனாலதான். சீட்டுதான் பெருசு, அவங்க சின்னவங்க இல்ல” என்றார். இதைவிடச் சுருக்கமாக ஒரு பெண்ணிய வாக்கியத்தை நான் அண்மையில் கேட்கவில்லை.

உண்மையில் பெண்களுக்கு முன் இருக்கை திரும்பக் கிடைத்தது ஸ்கூட்டர்களால்தான். 1980களில் பட்டனை அழுத்தினால் கிளம்பும், கியர் இல்லாத கைனடிக் ஹோண்டா வந்தது. 1994-இல் ஓசூரிலிருந்து ஸ்கூட்டி வந்தது. அம்மாவுக்குத் திருமணமான அதே ஆண்டு என்பதை இதை எழுதும்போதுதான் கவனித்தேன். 2018 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசின் அம்மா இரு சக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய், அப்போது மானியமாகத் தரப்பட்டது. இன்று நம் ஊர்களில் காலை எட்டரை மணிக்குச் சாலையில் நின்று பார்த்தால், முன் இருக்கையில் எத்தனை பெண்கள்! ஆனால் அதே பெண், கணவரோடு போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்காருவதையும் பார்க்கலாம்.

மறுநாள் சீட்டை வாங்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துப்போனேன். புது உறை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சூடேறினால்தான் ரெக்சின் இளகிச் சுருக்கமில்லாமல் இழுபடும். ஸ்பாஞ்சின்மேல் ஒரு பாலித்தீன் தாளை விரித்தார் அண்ணன். தையல் ஓட்டை வழியாக வரும் தண்ணீரை இனி அது தடுக்கும். முதலில் முன்மூக்கை இழுத்துப் பின் அடித்தார், பிறகு வாலை, கடைசியாகப் பக்கங்களை. பக்கங்களுக்கு வந்தபோது அம்மாவைப் பார்த்து, “இடது பக்கம் கொஞ்சம் மெத்து சேத்து வைக்கவாம்மா? நீங்க உக்காரத் தோதா இருக்கும்” என்று கேட்டார்.

அம்மா கிழிந்த பழைய உறையைக் கையில் எடுத்து, அந்தப் பிரிந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “வேணாம் தம்பி. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வைங்க.”

அன்று திரும்பும்போது அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். இடுப்பு வலியால் ஏறக் கொஞ்சம் நேரமானது. தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த அக்கா ஒரு கை கொடுத்தார். வேகத்தடை வந்தபோது என் இடுப்பில் அம்மாவின் முழங்கால்கள் இரண்டும் அழுந்தின. கண்மாய்க் கரை வந்ததும், “இங்கதான் பழகுனேன்” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “கியர் எப்படிப் போடுற? காட்டு” என்றார்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.